நேர்ப் படியா, திரும்பும் படியா? மாடி எழுப்பும் வீட்டுக்கு ஒரு கணக்கு

அக்கா மகன் போன மாதம் கட்டம் போட்ட காகிதம் ஒன்றோடு வந்தான். சுங்கை சிப்புட்டில் அவன் வாங்கியிருப்பது மாடியில்லாத தெரஸ் வீடு. 20 அடிக்கு 65 அடி மனை, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மேலே மாடி எழுப்பியே ஆக வேண்டும். காகிதத்தில் இரண்டு அறை, குளியலறை, துணி காயப்போட இடம் என்று எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து அழகாக வரைந்திருந்தான். படிக்கட்டுக்கு மட்டும் மூலையில் ஒரு சின்னக் கட்டம். 3 அடிக்கு 8 அடி.

"இதுக்குள்ள ஏணிதான்டா வைக்கலாம்" என்றேன்.

"இல்ல மாமா, படியை அப்புறம் பார்த்துச் செஞ்சிக்கலாம்னு குத்தகையாளர் சொன்னாரு."

பிளான் வரையும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் மேசையில் குனிந்து கிடந்தவன் நான். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்ட படிக்கட்டுகள் எப்படி முடிந்தன என்று எனக்குத் தெரியும். சுவரை அரை அடி தள்ளிக் கட்டலாம். கதவை வலமிருந்து இடம் மாற்றலாம். படி அப்படி வளையாது. மாடியின் உயரம் முடிவானதும் எத்தனை படி, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் ஏறக்குறைய முடிவாகிவிடும். நமக்கு மிஞ்சுவது அந்த நீளத்தை நேராகப் போடுவதா, மடித்துப் போடுவதா என்ற ஒரு கேள்விதான். அதற்கு இடம் போதவில்லை என்றால் குத்தகையாளர் கை வைக்கும் இடம் எப்போதும் ஒன்றே: பாதம் பதியும் மிதியின் அகலம். அங்கே பத்து மில்லிமீட்டர், இங்கே பத்து மில்லிமீட்டர் என்று அரிந்து எடுத்துவிடுவார்கள். கட்டி முடித்து முதல் நாள் இறங்கும்போதுதான் குதிகாலுக்குத் தெரியும்.

ஆகவே நேரா, மடிப்பா என்ற பேச்சுக்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம்.

முதலில் உயரம்

"உயரம் 10 அடி மாமா" என்றான். அது தரையிலிருந்து இப்போதுள்ள சிலிங் வரை. படிக்கு அந்த அளவு உதவாது. கீழ்த் தரையின் டைல்ஸ் மேல்முகத்திலிருந்து, இனி வரப்போகும் மாடியின் டைல்ஸ் மேல்முகம் வரை எவ்வளவு என்பதே கணக்கு. இஞ்சினியர் போட்டுக் கொடுத்த வரைபடத்தில் புது கான்கிரீட் தளத்தின் மேல்முகம் கீழ்த் தரையிலிருந்து 3105 மில்லிமீட்டரில் இருந்தது. அதன் மேல் சிமெண்டுப் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 45. ஆக 3150. இந்த ஓர் எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னேன்.

நம் மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணை விதிகள் இருக்கின்றன. அலுவலகத்தில் நாங்கள் யூபிபிஎல் என்போம். அதன் 106ஆவது விதி படியைப் பற்றியது: ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மிதியின் அகலம் 255க்குக் கீழே இறங்கக்கூடாது, தொடங்கியதிலிருந்து முடியும் வரை எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். 3150ஐ 180ஆல் வகுத்தால் 17.5. அரைப் படி என்று ஒன்று இல்லை, எனவே 18. திரும்ப 3150ஐ 18ஆல் வகுத்தால் ஒரு படிக்குச் சரியாக 175 மில்லிமீட்டர். இவ்வளவு சுத்தமாக எண் வருவது அபூர்வம். 174.6, 176.3 என்று வந்தாலும் பயப்படத் தேவையில்லை, அந்தப் புள்ளியை விட்டுவிடாமல் இருந்தால் போதும்.

விட்டால் என்ன ஆகும் என்பதை மேசன்கள் வாயிலிருந்தே கேட்கலாம். "ஏழு இன்ச் போடுவோம் சார், வழக்கமா போடுறதுதான்" என்பார்கள். ஏழு அங்குலம் 177.8 மில்லிமீட்டர். 175க்கும் அதற்கும் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தலையாட்டிவிடுவோம். 17 படி ஏறி வரும்போது அந்தச் சின்ன வித்தியாசம் 48 மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். கடைசிப் படிக்கு மிஞ்சுவது 127, அதாவது ஐந்தே அங்குலம். கால் ஏழு அங்குலத்துக்குப் பழகி மேலே தூக்கும்போது தரை முன்னாலேயே வந்து இடிக்கும். இதற்குப் பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நீளமான மரச்சட்டம் ஒன்றை நிறுத்தி, அதில் முழு உயரத்தையும் குறித்து, அதைப் பதினெட்டாகப் பிரித்துக் கோடு போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு படியையும் முந்திய படியிலிருந்து அளப்பதில்லை, சட்டத்திலிருந்தே அளப்பார்கள். அதனால் பிழை சேராது. லேசர் கருவி வந்த பிறகும் எனக்கு அந்தச் சட்டத்தின் மேல்தான் நம்பிக்கை.

மிதியின் அகலத்துக்கு வேறொரு சூத்திரம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோண்டெல் சொன்னது. மனிதன் சமதரையில் வைக்கும் ஓர் எட்டு அவர் கணக்கில் 24 பிரெஞ்சு அங்குலம், சுமார் 65 சென்டிமீட்டர். மேலே ஏறும்போது ஒரு பங்கு உயரம் இரண்டு பங்கு எட்டைத் தின்றுவிடும். ஆகவே இரண்டு படி உயரத்தையும் ஒரு மிதி அகலத்தையும் கூட்டினால் ஓர் எட்டு வர வேண்டும். இன்று 60 முதல் 65 சென்டிமீட்டர் வரை சரி என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் ஆட்களின் காலுக்கு 62ஐ ஒட்டி இருந்தால் நல்லது என்பது என் அனுபவம். 175ஐ இரட்டித்தால் 350. மிதி 275 வைத்தால் 625. நம் விதி சொல்லும் கடைசி எல்லையான 180, 255ஐப் போட்டுப் பாருங்கள், 615 வரும். அதுவும் சூத்திரத்துக்குள் அடங்குகிறது. ஆனாலும் எல்லை எல்லைதான். 255 மிதியில் இளவட்டம் ஏறும், பாட்டி ஏறுவதற்கு 275 வேண்டும்.

என் வீட்டில் நடந்தது

இத்தனை பேசுகிற என் வீட்டுப் படியே தப்பு. அதை மறைக்க விரும்பவில்லை. என் வீட்டு மாடியும் இதே உயரம், அதே 18 படி. பிளானை நான் வரைந்தேன், கட்டும் நாட்களில் வேலை நிமித்தமாக வெளியூரில் இருந்தேன். கான்கிரீட் வார்க்கப் பலகை அடித்தவர் கான்கிரீட் உயரத்தை மட்டும் பார்த்து, 3105ஐ 18ஆல் வகுத்து, படிக்கு 172.5 என்று அடித்துவிட்டார். அப்போது எல்லாப் படியும் ஒரே அளவு, பார்க்க லட்சணமாக இருந்தது. பிறகு டைல்ஸ் வந்தது.

படி மிதிகளில் பசையும் டைல்ஸும் சேர்ந்து 20 மில்லிமீட்டர் ஏறின. கீழ்த் தரையில் டைல்ஸ் முன்பே இருந்தது, அது ஏறவில்லை. ஆகவே முதல் படி 192.5 ஆகிவிட்டது. நடுவில் உள்ளவை எல்லாம் சேர்ந்தே ஏறியதால் 172.5ஆகவே நின்றன. மேல் தளத்தில் 45 ஏறியது, கடைசி மிதியில் 20 ஏறியது, வித்தியாசம் 25. கடைசிப் படி 197.5. விதியின் 180ஐத் தாண்டியாயிற்று. குடிபோன வாரத்திலேயே என் மனைவி துணிக்கூடையோடு மேலே போய், கடைசிப் படியில் கால் முனை இடறி, கூடையோடு மாடியில் விழுந்தாள். நல்லவேளை, பின்னால் விழவில்லை. இன்றைக்கும் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் அந்தப் படியில் ஒரு முறை தடுமாறித்தான் எங்கள் மாடியைப் பார்க்கிறார்கள்.

சரியாகச் செய்திருந்தால் கான்கிரீட் நிலையில் படிகள் ஒரே அளவாக இருந்திருக்கக் கூடாது. முதல் படிக்கு 155, நடுவில் உள்ள பதினாறுக்கும் 175, கடைசிக்கு 150 என்று பலகை அடித்திருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், 3105. டைல்ஸ் ஒட்டியதும் பதினெட்டும் 175 ஆகிவிடும். பலகை அடிக்கிற அன்று மேசன் உங்களைப் பைத்தியக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பார்க்கட்டும். மருமகனிடம் இந்த மூன்று எண்ணையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன்.

நேர்ப் படி

18 படி உயரத்துக்கு மிதி 17. பதினெட்டாவது கால் வைப்பது மாடித் தரையில் என்பதால் அதற்குத் தனி மிதி கிடையாது. 17ஐ 275ஆல் பெருக்கினால் 4675 மில்லிமீட்டர், 15 அடி 4 அங்குலம். தொடங்கும் இடத்தில் ஒரு மீட்டர், ஏறி நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் வேண்டும். எல்லாம் சேர்த்து 22 அடி. அவன் வீட்டில் ஹால் முகப்பிலிருந்து சமையலறைச் சுவர் வரை 24 அடி. உள்ளே அடங்குகிறது.

நேர்ப் படிக்கு நல்ல பக்கங்கள் உண்டு. பலகை அடிக்கச் சுலபம், கம்பி வளைக்கச் சுலபம். மெத்தையும் அலமாரியும் முட்டாமல் மேலே போகும். 950 அகலத்தில் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு 48 சதுர அடியை மட்டும் எடுத்துக்கொள்ளும். குறுகலான வீட்டில் நடுவிடத்தைத் தொடாமல் போகிற படி இது ஒன்றுதான்.

ஆனால் இரண்டு விஷயங்களை யாரும் முதலில் சொல்வதில்லை. ஒன்று, மேலே எங்கே போய் இறங்குகிறோம் என்பது. ஹாலில் தொடங்கும் படி மாடியின் பின்கோடியில் கொண்டுபோய் விடுகிறது. முன்னறைக்குப் போக வேண்டுமானால் படி ஏறிய தூரம் முழுவதையும் மேலே நடந்து திரும்பி வர வேண்டும். அதற்கு ஒரு நடைபாதை வேண்டும். கீழே 48 சதுர அடியோடு முடிந்தது என்று நினைத்தால் மேலே இன்னொரு 40 சதுர அடி வெறும் நடையாகவே போய்விடும்.

இரண்டாவது, தலை. படிக்கு மேலே தளத்தில் திறப்பு விட வேண்டும், எந்தப் படியில் நின்றாலும் தலைக்கு மேல் இரண்டு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். தளத்தின் தடிமனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் திறப்பு 3.4 மீட்டர் நீளம் இருந்தால் போதும். ஆனால் திறப்பின் விளிம்பில் பீம் ஓடும். அது 450 மில்லிமீட்டர் ஆழம் என்றால் அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 2655இல் தொங்கும். இப்போது திறப்பு 3.9 மீட்டர் ஆக வேண்டும். பீமை மறந்துவிட்டு அரை மீட்டரைக் கோட்டைவிட்ட வீடுகளில் நான்காவது படியில் எல்லாரும் குனிந்து கும்பிட்டுக்கொண்டேதான் ஏறுவார்கள்.

இதோடு எனக்கு இருக்கும் பயம் வேறு. விதிப்படி குடியிருப்பு வீட்டில் 4.25 மீட்டர் உயரம் வரை இடையில் லேண்டிங் என்ற நிற்கும் தளம் இல்லாமல் ஏறலாம். 3150க்கு லேண்டிங் கட்டாயமில்லை. ஆனால் பதினெட்டாவது படியில் கால் வழுக்கினால் நேர்ப் படியில் நடுவே தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை, கீழ்த் தரைதான். பத்துமலையில் 272 படியும் ஏறி இறங்கியவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முட்டி நடுங்குவது இறங்கும்போது. அங்கேயும் இடையிடையே நின்று இளைப்பாறத் தளம் விட்டிருக்கிறார்கள், காவடி எடுப்பவர்கள் அந்தத் தளங்களை நம்பித்தான் ஏறுகிறார்கள்.

மடித்துத் திரும்பும் படி

அதே 18 படியை ஒன்பது, ஒன்பதாகப் பிரித்து நடுவில் லேண்டிங் வைப்பது. ஒன்பதாவது படியே லேண்டிங் என்பதால் ஒரு பக்கத்துக்கு எட்டு மிதி, 2200 மில்லிமீட்டர். லேண்டிங்கின் ஆழம் படியின் அகலத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. 950 அகலப் படிக்கு 1000 வைத்தேன். மொத்த நீளம் 3200, அதாவது பத்தரை அடி. குறுக்கே இரண்டு படியும் நடு இடைவெளியும் சேர்த்து 2000. கீழே பிடிக்கும் இடம் 69 சதுர அடி. நேர்ப் படியின் 48ஐப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் மனசு கேட்காது. மருமகனுக்கும் கேட்கவில்லை.

"இருபத்தோரு சதுர அடி கூட போகுதே மாமா."

"மேல போய்ப் பாரு" என்றேன்.

இந்தப் படி எங்கே தொடங்கியதோ அதற்கு நேர் மேலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். வீட்டின் நடுவில் ஏறி, நடுவிலேயே நிற்கிறோம். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடைபாதை என்று தனியாக எதுவும் வேண்டாம். நேர்ப் படியில் கீழும் மேலும் சேர்த்து 88 சதுர அடி, இதில் 69. நேர்ப் படியில் கீழே மிச்சம் பிடித்ததை வட்டியோடு மாடியில் கொடுக்கிறோம். அதோடு தெரஸ் வீட்டின் நடுப்பகுதி எப்போதும் இருட்டும் புழுக்கமுமாக இருக்கும். அந்த இடத்தில் மேலே வரை திறந்த படிக்கூண்டு வந்தால், கூரையில் ஒரு கண்ணாடி ஓடும் பக்கத்தில் காற்றுத் துளைகளும் வைத்து, வெளிச்சத்தைக் கீழே இறக்கலாம்.

மடிப்புப் படிக்கு அடியில் இடம் வீண் என்று ஒரு பேச்சு உண்டு. லேண்டிங்கின் உயரம் 1575, அடியில் 1.4 மீட்டர்தான் கிடைக்கும், அங்கே பழைய சைக்கிளும் தீபாவளிப் பலகாரத் தகரங்களும் வைக்கலாம், அவ்வளவே. ஆனால் இரண்டாவது பகுதியின் மேல்முனைக்குக் கீழே, 1.25 மீட்டர் நீளத்துக்கு, இரண்டு மீட்டர் உயரம் கிடைக்கிறது. நேர்ப் படிக்குக் கணக்குப் போட்டாலும் அதே 1.25தான் வருகிறது. ஆகவே இந்த விஷயத்தில் இரண்டும் சமம். பூஜை மாடத்தைப் படிக்கு அடியில் வைக்க மாட்டோம் என்பதால் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. லேண்டிங்கில் பெரிய கட்டிலைத் திருப்ப முடியாது, கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பலகை வேலையும் கம்பி வேலையும் கூடுதல். வீட்டின் உள் அகலம் 19 அடியில் 6 அடி 7 அங்குலம் படிக்குப் போய்விடும். சாப்பாட்டு மேசைக்கு 12 அடி மிஞ்சுகிற வீட்டில் இது சரி. 16 அடி அகல வீடாக இருந்தால் நானே நேர்ப் படியைத்தான் போடச் சொல்லியிருப்பேன்.

எல் வடிவத்தில் ஒரு மூலையில் மட்டும் திரும்பும் படியும் உண்டு. அது ஓர வீடுகளுக்கும் தனி வீடுகளுக்கும் பொருந்தும். இரண்டு பக்கச் சுவரும் அடைத்த தெரஸ் வீட்டில் படியின் ஒரு கை வீட்டுக்குக் குறுக்கே ஓடி ஹாலை இரண்டாக வெட்டிவிடும்.

மிச்சம் பிடிக்கும் ஆசை

மூலையில் திரும்பும் படி என்றால், லேண்டிங்கை எடுத்துவிட்டு, அந்தச் சதுரத்தை மூன்று விசிறிப் படிகளாக வெட்டலாம் என்று குத்தகையாளர் கட்டாயம் சொல்வார். இரண்டு மிதி மிச்சமாகும் என்பது உண்மை. ஒவ்வொரு விசிறியும் 30 பாகை. நடுக் கம்பத்திலிருந்து 450 மில்லிமீட்டர் தள்ளி, படியின் நடுவில் நடப்பதாக வைத்தாலும் அங்கே மிதி 236தான் வருகிறது. உள் மூலையில் அது ஒன்றுமில்லாமல் போய்விடும். இரவில் விளக்குப் போடாமல் தண்ணீர் குடிக்க இறங்குகிறவர்கள் சரியாக அந்த உள் மூலையில்தான் கை வைத்து, கால் வைப்பார்கள். வேண்டாம்.

இரும்புச் சுருள் படி பார்க்க ஆசையாக இருக்கும். ஒன்றரை மீட்டர் விட்டத்தில் அடங்கிவிடும், இடத்தில் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கும். ஒரு சுற்றுக்கு 12 படி, 175 உயரத்தில் ஒரு முழுச் சுற்று 2100. படியின் தகட்டுத் தடிமன் போனால் தலைக்கு இரண்டு மீட்டரும் சொச்சமும். உயரமான ஆள் மனசுக்குள் குனிந்துகொண்டேதான் ஏறுவார். மெத்தை போகாது. உடம்புக்கு முடியாதவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கவே முடியாது. வீட்டின் பின்பக்கம் தண்ணீர் டாங்கிக்குப் போக வையுங்கள், வீட்டுக்குள் வேண்டாம்.

ஒற்றைப்படை வழக்கு

இதற்குள் அத்தை ஒருத்தர் வந்து சேர்ந்தார். படி எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், பதினெட்டு கூடாது என்றார். மருமகன் முகம் வாடிவிட்டது. பத்தொன்பது ஆக்கினால் படி உயரம் 165.8 ஆகிவிடும், ஏற இன்னும் சுகம், தப்பில்லை. ஆனால் ஒரு மிதி கூடும். மடிப்புப் படியின் நீளம் 3200இலிருந்து 3475க்கு ஏறி, சமையலறை வாசலில் போய் இடிக்கும்.

நான் அத்தையிடம், "படின்னா கால் வைக்கிறதுதானேங்க?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். எட்டு மிதி, ஒரு லேண்டிங், மறுபடி எட்டு மிதி. பதினேழு. பதினெட்டாவது கால் மாடித் தரை, அது படி இல்லை. அத்தை விரல் விட்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப சரி" என்றார். ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. மேசன் கணக்கில் பதினெட்டு, அத்தை கணக்கில் பதினேழு. இரண்டுமே சரி.

எதில் கட்டுவது

இதில் நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. கான்கிரீட், இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, முழு மரம் என்று மூன்று வழி. நேர்ப் படியைக் கான்கிரீட்டில் போட்டால், சாய்தளம் 150 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்தாலே சுமார் 1.2 கன மீட்டர் கான்கிரீட், எடை 2.8 டன். தாங்காமல் ஓடும் நீளம் கூடக் கூட அந்தத் தடிமனும் கூடும். மடிப்புப் படியில் லேண்டிங்கைத் தாங்கப் பீம் கிடைப்பதால் இஞ்சினியருக்குக் கொஞ்சம் நிம்மதி. எதுவானாலும் தெரஸ் வீட்டுக் கீழ்த் தரை மண் நிரப்பி அதன் மேல் போட்ட மெல்லிய தளம். முதல் படியை அதன் மேல் அப்படியே உட்கார வைத்தால் சில வருடத்தில் விரிசல் கோடு தெரியும். தரையை உடைத்து, படிக்கென்று தனி அஸ்திவாரம் போட வேண்டும். மாடி எழுப்பவே கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் இஞ்சினியர் கையெழுத்தோடு பிளான் கொடுத்தாக வேண்டும் என்பதால் இதையும் அதிலேயே சேர்த்துவிடச் சொன்னேன்.

இரும்பும் மரமும் எடை குறைவு, சீக்கிரம் முடியும். மரம் என்றால் மெர்பாவ் பலகைக்குத்தான் என் ஓட்டு. மெராந்தியைக் கரையான் விடாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மெர்பாவ் புதிதில் நனைந்தால் சிவப்புச் சாயம் விடும். வெள்ளை டைல்ஸில் சொட்டினால் வெற்றிலை துப்பியதுபோல இருக்கும். கூரை மூடிய பிறகே பலகையை வீட்டுக்குள் எடுக்க வேண்டும். மருமகன் கான்கிரீட் என்று முடிவு செய்தான். டைல்ஸில் பளபளப்பு வேண்டாம், சொரசொரப்பாக எடு, படியின் மூக்கில், அதாவது முன் விளிம்பில், வரிப்பள்ளம் இருக்கட்டும் என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

அம்மாவின் கை

எல்லாம் முடிந்து மடிப்புப் படி என்று ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். ரப்பர் பால் நிறைந்த காண்டாவாளி தூக்கி மேட்டுக்காடு ஏறி இறங்கிய உடம்பு. இப்போது இடது முட்டி மடங்க மறுக்கிறது. அம்மாவுக்கு மருமகன் கீழேயே அறை ஒதுக்கியிருக்கிறான். ஆனால் பூஜை அறை மாடியில். "விளக்கேத்த நான் போவேன்" என்று அம்மா முன்பே சொல்லிவிட்டார்.

பின்வாசலில் செங்கல்லும் பலகையும் அடுக்கி மூன்று படி செய்தோம், 175 உயரத்தில். பக்கத்திலேயே 166 உயரத்தில் இன்னொரு மூன்று படி. அத்தையின் பத்தொன்பது கணக்குக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று. அம்மா இரண்டிலும் ஏறினார், இறங்கினார். ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம் அவருக்குத் தெரியவே இல்லை. வேறொன்று தெரிந்தது. ஏறும்போது நல்ல காலான வலது கால் முதலில் போயிற்று. இறங்கும்போது வலிக்கிற இடது காலை முதலில் கீழே விட்டார். விடும்போது வலது கை காற்றில் எதையோ தேடியது. நான் தோளைக் கொடுத்தேன்.

"புடிக்கிறதுக்கு எந்தப் பக்கம்டா வச்சிருக்க?" என்று கேட்டார்.

காகிதத்தைப் பிரித்தேன். லேண்டிங்கில் வலது பக்கம் திரும்புவதுபோல வரைந்திருந்தேன். மடிப்புப் படியில் நடுவில் ஓடும் கைப்பிடி மட்டுமே திருப்பத்திலும் விட்டுப் போகாமல் கீழிருந்து மேல் வரை தொடர்ந்து வரும். சுவர்ப் பக்கக் கைப்பிடி லேண்டிங்கின் மூலைகளில் அறுந்துவிடும். வலது பக்கம் திரும்பி ஏறினால் அந்த நடுக் கைப்பிடி ஏறும்போது வலது கையில், இறங்கும்போது இடது கையில். அம்மாவுக்கு அது தலைகீழாக வேண்டும். ஏறும்போது இடது பக்கம் திரும்பினால்தான் இறங்கும்போது கைப்பிடி வலது கைக்கு வரும்.

பிளானைக் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பிப் போட்டேன். அளவு எதுவும் மாறவில்லை. அதே 18, அதே 175, அதே 275. கைப்பிடியின் உயரம் மிதியின் மூக்கிலிருந்து 875, கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழையாதபடி 100க்கு உள்ளே. முதல் பகுதி இப்போது பக்கச் சுவரோடு போய்விட்டது, இரண்டாவது பகுதி சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்துவிட்டது.

மருமகன் மனைவி அதுவரை பேசாமல் நின்றவள், காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா அந்த ஒன்னேகால் மீட்டர் எடம் என் பக்கமா வந்துடுச்சில்ல மாமா? அங்க பிரிட்ஜ் வச்சிக்கலாமா?" என்றாள்.

டேப்பை மறுபடி எடுத்தேன். பிரிட்ஜ் உயரம் 1.75 மீட்டர், நிற்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அவளைக் கேட்டேன்.